டிக் என்றது நான் இல்லை

பெப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. மைதானத்துப் புல்லில் கால் வைத்த உடனே சப்பாத்து ஈரம். எனக்குக் கிடைத்த வேலை சுண்ணாம்புக் கோடு. நூறு மீற்றர், ஏழு தடம், எட்டுக் கோடு. மூன்றாவது கோடு வளைந்துவிட்டது. விளையாட்டு சேர் வந்து பார்த்தார்.

"என்னடா இது, பாம்பு ஊர்ந்த மாதிரி?"

"வளைவிலையும் ஓடிப் பழகட்டும் எண்டுதான் சேர்."

அழித்து மறுபடி போட வைத்தார். சிவநேசன் சேர். இனிமேல் சி.சே. முழுப்பெயர் எழுதினால் மை வீண்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கிடையில் மெய்வல்லுநர் போட்டி. அக்கா நூறு மீற்றர். முதலாவதாக வருகிற ஒருத்திக்குத்தான் வலயப் போட்டி. அக்காவின் வயதுப் பிரிவுக்கு இது கடைசி வருடம். இதை அவள் சாப்பிடும்போது ஒரு தரம், கிணற்றடியில் ஒரு தரம், நான் குளியலறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று ஒரு தரம் சொல்கிறாள்.

பின்னேரம் பழக்கம். துவக்கு வந்தது. அதிபரின் அலுமாரியில், பால்மா ரின்னுக்குள், பழைய துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சுழல்துப்பாக்கி. குழல் அடைத்தது. குண்டு போகாது, சத்தமும் புகையும் மட்டும். ஓட்டம் துவக்க ஒரு துவக்கு. அந்தத் துவக்கைத் துவக்கத்தான் பயில்வான் வேண்டும்.

ஏனென்றால் விசை அவ்வளவு இறுக்கம். சி.சே. போன வருடம் கோடு போடுகிற எங்களுக்கு விளங்கப்படுத்தியது: பின்னால் இருக்கிற சுத்தியலைப் பெருவிரலால் முதலே இழுத்து வைத்தால் விசை பஞ்சு. வைக்காவிட்டால் விசையை இழுக்கிற அந்த ஒரே விரல்தான் சுத்தியலைத் தூக்கவும் வேண்டும், உருளையைச் சுற்றவும் வேண்டும், பிறகு வெடிக்க வைக்கவும் வேண்டும். ஒரு விரல், மூன்று வேலை. உள்ளுக்குள் இருக்கிற வில்லைத் தளர்த்தவும் முடியாது. இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில்தான். பலமாக அடித்தால்தான் எழும்பும். ஒரு முறை யாரோ வில்லைத் தளர்த்தி, ஆறு தோட்டாவில் நாலு தூங்கிவிட்டதாம்.

சுத்தியலை முதலே இழுத்து வைக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் தடை. இரண்டு வருடத்துக்கு முதல் பிரதம விருந்தினரிடம் அப்படி இழுத்து வைத்துத்தான் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர். சனத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல இரண்டு கையையும் கூப்பினார். துவக்கும் சேர்ந்து கூப்பியது. டொம். போர்த்த பொன்னாடையில் நெருப்புப் பட்டு ஒரு ஓட்டை. பாண்ட் வாத்தியக்காரப் பெடியன் பயத்தில் எங்கள் பள்ளிக் கீதத்தைத் தொடங்கிவிட்டான். அடுத்த நாள் அதிபரின் அறிவித்தல்: இனி ஒருவரும் சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்கலாகாது.

ஆகவே சி.சே. சுடும் முறை:
1. முழங்கை ஒரு சாண் இறங்கும்.
2. மேலுதடு பல்லுக்குள் போகும்.
3. உருளை சுற்றி முடிந்து 'டிக்' என்னும்.
4. டொம்.

ஓடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது பாடம். மூன்றில் கிளம்பினால் நான்கில் சரியாக இருக்கும். சி.சே.க்கு மட்டும் தெரியாது. போன வருடம் பழக்கத்தின்போது நான் சுண்ணாம்புச் சாக்குக்குப் பின்னால் இருந்து நாக்கால் ஒரு டிக் போட்டேன். ஏழு பேரும் ஓடிவிட்டார்கள். சி.சே. கையைத் தூக்கியபடி தனியே நின்றார். ஒரு கிழமை பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பெறுமதியான கிழமை.


பெப்ரவரி 6, வெள்ளி

 

காலையிலிருந்து ஒழுங்காகத்தான் போனது. நல்ல வெயில், ஐஸ்கிறீம் வானின் பாட்டு, இல்ல அலங்காரத்தில் சிவப்பு இல்லத்தாரின் கோபுரம் காற்றுக்குச் சரிந்து நீல இல்லத்தாரின் கப்பலுக்குள் விழுந்தது. (நான் இல்லை. காற்று.) எனக்கு வேலை தொடக்கக் கோட்டடியில். அழிகிற கோட்டுக்குச் சுண்ணாம்பு தூவுவது, கயிறு பிடிப்பது. வேறு பொழுதுபோக்கு இல்லாததால் வெடியை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவின் இறுதி ஓட்டம் நாற்பத்தொன்றாவது வெடி. அதற்குள் சி.சே.யின் முழங்கை ஒரு சாண் இல்லை, ஒன்றரைச் சாண் இறங்கத் தொடங்கிவிட்டது.

அக்கா நான்காம் தடம். பக்கத்தில் ஐந்தில் தர்சிகா, நீல இல்லம், அக்காவை விட்டால் அவள்தான். ஏழு பேரும் குனிந்தார்கள். இடுப்பைத் தூக்கினார்கள். முழங்கை இறங்கியது. உதடு போனது. டிக்.

பிறகு ஒன்றும் இல்லை.

விசை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் இரண்டு மீற்றரில் நிற்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். விரல் வெள்ளையாகிக்கொண்டு போகிறது, துவக்கு நடுங்குகிறது, வெடி வரவில்லை. எல்லோருக்கும் முதல் அக்கா போய்விட்டாள்; மற்ற ஆறு பேரும் தோள் அசைந்து, கையை நிலத்திலிருந்து எடுக்காமல் தப்பினார்கள். அவள் மூன்றாவது அடி வைக்கும்போதுதான் டொம்.

சிவப்புக் கொடி. நாலாம் தடம் வெளியே. முதல் பிழைக்கு மன்னிப்பு என்ற காலமெல்லாம் போய்விட்டது, இப்போது முதல் பிழையே கடைசி.

அக்கா திரும்பி வந்தாள். "சேர், சத்தம் கேட்டது சேர்."

"நான் ஒரே இழுவையிலை இழுத்தனான் பிள்ளை. ஆரோ சத்தம் போட்டிருக்கினம்." சொல்லிவிட்டு சி.சே. திரும்பினார். மெதுவாக. சுண்ணாம்பு ரின்னோடு நின்ற என்னிடம். "மயூரன். நீயோடா?"

"நான் இல்லை சேர். துவக்கு."

சிரித்தார்கள். கயிறு பிடித்தவன்கூடச் சிரித்தான். இதில் பகிடி எங்கே? வாழ்க்கையில் முதல் தரமாகப் பகிடி விடாமல் ஒரு வசனம் சொல்கிறேன், அதற்குத்தான் இவ்வளவு சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அவள் இல்லாமல் ஆறு பேர் ஓடினார்கள். தர்சிகா முதலாவது. அக்கா தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்.


பெப்ரவரி 7, சனி

வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பு. அப்பாவோடு நான்.  வாய்க்காலை மறித்துக்கொண்டே கேட்டார்:

"செய்திருந்தாச் சொல்லு. அடிக்க மாட்டன்."

"செய்யேல்லை அப்பா."

"சரி."

அந்த 'சரி'யில் ஒரு சரியும் இல்லை.

அம்மா அதைவிட மோசம். "செய்யாதவனை ஏன் சேர் கேக்கிறார்?" என்கிறா. அப்படியானால் கேள்வி கேட்கப்பட்டவன் எல்லாம் குற்றவாளியோ? இந்தக் கணக்கில் தவணைப் பரீட்சை எழுதுகிற எல்லோருக்கும் மறியற்சாலை.

நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகச் செய்தவை (ஒருவரும் இதை வாசிக்காதபடியால்):
– இடைவேளை மணி, பத்து நிமிடம் முந்தி. இரண்டு தரம். சரி, மூன்று.
– கமலினி ரீச்சரின் குடைக்குள் கடதாசித் துண்டுகள். வெயிலுக்கு விரித்தா. பூமாரி.
– அறிவித்தல் பலகையில் 'இன்று கூட்டம்' என்பதற்குப் பின்னால் 'இல்லை'.
– போன வருட டிக்.

செய்யாதது: வெள்ளிக்கிழமை டிக்.

முதல் நாலுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது பூச்சாடித் தண்ணீர். செய்யாத ஒன்றுக்குத்தான் முழு ஊரும் விசாரிக்கிறது. முன்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, உம்மடை அக்காவுக்கே இப்பிடிச் செய்யலாமோ?" உவவுக்கு ஆர் சொன்னது? மைதானத்துக்கு வந்தவவோ? இல்லை. ஆனால் விசயம் வந்துவிட்டது.

பின்னேரம் அக்காவின் கதவு. உள்ளே பூட்டு. வெளியே நிலத்தில் நான்.

"அக்கா, நான் இல்லை."

"நீ இல்லையெண்டா ஆர்?"

"துவக்கு. நான் கிட்ட நிண்டு பாத்தனான். டிக் எண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டுது."

"அது எப்பவும் டிக் எண்டா உடனை வெடிக்கும்."

"நேற்று வெடிக்கேல்லை. சேருக்கு விரல் ஏலாமல் போச்சு."

 பிறகு கதவுக்குக் கிட்ட வந்து, "அப்ப நான் இவ்வளவு நாளும் டிக்குக்கோடா ஓடினனான்?"

"எல்லாருந்தான்."

கதவு திறக்கவில்லை. ஆனால் பூட்டு எடுபட்ட சத்தம் கேட்டது.


பெப்ரவரி 9, திங்கள்

காற்று. தூசி. மனமும் அப்படித்தான்.

கமலினி ரீச்சர் என்னைக் கூப்பிட்டா. அக்காவின் இல்லப் பொறுப்பாசிரியர். குடை பக்கத்தில் சாத்தியிருந்தது, விரித்துப் பார்த்து வைத்தது போல.

"மயூரன், இஞ்சை பார். ஓட்டத்துக்கு வெளியிலை நிண்ட ஆள் சத்தம் போட்டுக் குழப்பினதெண்டா ஓட்டத்தைத் திருப்பி வைக்கலாம். விதி இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வலயத்துக்குப் பேர் போகுது. அதுக்கு முதல் நீ ஒரு கடிதம் எழுதித் தா, நான்தான் சத்தம் போட்டனான் எண்டு. அக்காவுக்கு ஓட்டம் கிடைக்கும்."

"எனக்கு ரீச்சர்?"

"உனக்கென்ன, ஒரு கிழமை இடைநிறுத்துவினம். நீ சந்தோசமா வீட்டிலை நிப்பாய்."

"நான் செய்யேல்லையே ரீச்சர்."

"எத்தினையோ செய்தனிதானே. இதையும் அதுக்குள்ளை சேர்."

இது என்ன சாம்பாரா, இருக்கிற காயை எல்லாம் சேர்ப்பதற்கு? நான் ஒழுங்காகத் திட்டமிட்டு, நேரம் பார்த்து, கையும் மெய்யுமாகப் பிடிபட்டுச் செய்த குழப்படிகளுக்குப் பக்கத்தில் இந்தச் செய்யாத ஒன்றைக் கொண்டுவந்து இருத்துவதா? எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. அப்படியே நான் செய்வதென்றாலும் அக்காவின் ஓட்டத்தில் செய்வேனா? அதை யாராவது ஒரு தரம் யோசித்தார்களா?

ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். 'கனம் அதிபர் அவர்கட்கு' என்று எழுதினேன். 'நான்' என்று எழுதினேன். அதோடு பேனை நின்றுவிட்டது, துவக்கு மாதிரி.

அக்காவிடம் போய்க் கேட்டேன். "எழுதட்டோ?"

"எழுதினியெண்டா நான் ஓட மாட்டன்."

"ஏன்? உனக்குத்தானே."

"தம்பியைப் பொய் சொல்ல வைச்சு ஓடினவள் எண்டு ஆரும் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியுமேடா."

அப்படியே தாளைக் கிழித்தாள். நல்ல தாள். பாதியாவது விட்டிருக்கலாம்.


பெப்ரவரி 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

சி.சே. இன்று வரவு எடுக்கும்போது பேனையை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதினார். சுட்டுவிரலில் பிளாஸ்ரர். மேலே ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று.

"என்ன சேர் விரல்?"

"கதவு நசிச்சது."

"எந்தக் கதவு சேர்?"

"வீட்டுக் கதவு. இரு."

"விசை வைச்ச கதவோ சேர்?"

"மயூரன், இருக்கச் சொன்னனான்."

காது சிவந்துவிட்டது அவருக்கு. ஆகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் 'ஒரே இழுவை' என்றவர். ஏன் என்று இடைவேளையில் விளங்கியது. ஆசிரியர் அறைக்கு வெளியே கரும்பலகை அழிப்பான் தட்டிக்கொண்டு நின்றேன் (தட்டுவதற்கு அங்கே நிற்கத் தேவையில்லை, தெரியும்). உள்ளே கணக்கு சேர்:

"என்ன சிவநேசன், விளையாட்டு வாத்தியாருக்கு விளையாட்டுத் துவக்கு இழுக்க ஏலாதாம் எண்டு பெடியள் கதைக்கிறாங்கள்?"

சிரிப்பு. சி.சே.யும் சேர்ந்து சிரித்தார். எல்லோரைவிடவும் கொஞ்சம் சத்தமாக.

இவ்வளவுதானா? ஒரு சிரிப்புக்குப் பயந்தா அக்காவின் ஓட்டம்? என்னைப் பார்த்து ஒவ்வொரு நாளும் சிரிக்கிறார்கள், நான் செத்தா போனேன்?

கடிதம் எழுதினேன். இது உண்மைக் கடிதம்.

'கனம் அதிபர் அவர்கட்கு, 41ஆவது வெடியின்போது ஒலித்த டிக் என்ற சத்தம் என் வாயிலிருந்து வந்ததன்று, துவக்கிலிருந்து வந்தது. அதன் விசை மிகவும் இறுக்கமானது. ஐயமிருப்பின் தாங்களே தோட்டா இல்லாமல் ஒரு முறை இழுத்துப் பார்க்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். குறிப்பு: நாக்கால் நான் போடும் டிக் இதைவிடச் சுத்தமானது, வேண்டுமாயின் ஒப்பிட்டுக் காட்டலாம்.'

குறிப்பை வெட்டச் சொன்னாள் அக்கா. வெட்டவில்லை.


பெப்ரவரி 11, புதன்

அதிபரின் அறை. நாலு பேருக்கே போதாத அறைக்குள் ஐந்து பேர்: அதிபர், சி.சே., கமலினி ரீச்சர், அக்கா, நான். என் பைக்குள் ஆய்வுகூடத்து விற்றராசு, கொளுக்கியில் இழுக்கிற பலத்தை அளக்கிற வில்லுத் தராசு. (இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: யார் இந்த ராசு, எதை விற்றான்?)

அதிபர் மெலிந்தவ. ஊதினால் பறக்கிற ஆள், ஆனால் ஊதுவதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா.

"நாற்பத்தொண்டு எண்டு எப்பிடித் தெரியும்?"

"எண்ணினனான் ரீச்சர்."

"பாடத்திலை உந்தக் கவனம் இல்லை."

பால்மா ரின் வந்தது. துணி அவிழ்ந்தது. உருளையைத் திறந்து ஆறு துளையும் வெறும் துளை என்று தானே பார்த்தா. நிலத்தைப் பார்க்கப் பிடித்தா. ஒரு விரல் வைத்து இழுத்தா.

ஒன்றும் அசையவில்லை.

கண்ணாடியைச் சரிசெய்தா. மறுபடி இழுத்தா. பிறகு இரண்டு விரல். பிறகு மற்றக் கையும். சங்கிலிப் பதக்கம் ஆடுகிறது, உதடு (சத்தியமாக) பல்லுக்குள் போகிறது. கமலினி ரீச்சர் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பாதுகாப்பாக நகர்த்தி வைத்தா.

டிக்.

அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய வலது குதி நிலத்தைவிட்டு எழும்பிவிட்டது, தோள் முன்னுக்குப் போய்விட்டது, கை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். அதற்குப் பிறகுதான் சுத்தியல் 'டக்' என்று விழுந்தது.

எல்லோரும் அக்காவின் செருப்பைப் பார்த்தார்கள்.

"பிள்ளை, ஏன் அப்பிடி நிக்கிறாய்?" அதிபர்.

"தெரியேல்லை ரீச்சர்." அக்கா குதியைக் கீழே வைத்தாள்.

நான் விற்றராசை எடுத்தேன். அது எங்கே இருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சி.சே. துவக்கைப் பிடித்தார், நான் கொளுக்கியை விசையில் மாட்டி இழுத்தேன். பத்து நியூட்டன். இருபது. முப்பது. நாற்பது. ஐம்பதோடு கோடு முடிந்துவிட்டது. ராசு நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான், சுத்தியல் இன்னும் விழவில்லை. பிறகு பெருவிரலால் சுத்தியலை முதலே இழுத்து வைக்கச் சொல்லி மறுபடி இழுத்தேன். பத்துக்கூட வரவில்லை. டக்.

அதிபர் தன் விரலைத் தடவிக்கொண்டிருந்தா. "உதை எப்பிடிச் சேர் நாள் முழுக்க இழுத்தனீங்கள்?"

சி.சே. விரலைக் காட்டினார். பிளாஸ்ரர் இல்லை இப்போது. தோல் போயிருந்தது.

"சொல்லியிருக்கலாமே."

"சுத்தியலை முதலே இழுத்து வைக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே ரீச்சர் அறிவித்தல் போட்டனீங்கள்."

"அது விருந்தினருக்கு."

"ஒருவரும் எண்டு இருந்தது."

"ஒருவரும் எண்டால் வாற விருந்தினர் ஒருவரும், சேர்."

இரண்டு வருடம். இரண்டு வருடமாக ஒரு மனிதர் விரலைக் கொடுத்திருக்கிறார், ஒரு தரம்கூடக் கேட்காமல். இவ கண்டிருக்கிறா, ஒரு தரம்கூடச் சொல்லாமல். நடுவில் அக்கா. அந்த அக்காவுக்கு ஓரத்தில் நான். எனக்கு வந்த கோபத்தில் கொளுக்கியை என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.

தீர்ப்பு: வெள்ளிக்கிழமை காலை ஓட்டம் மறுபடி. ஏழு பேரும். சுத்தியலை முதலே இழுத்து வைத்து, உருளை சுற்றுகிற டிக்கும் அதோடு முதலே முடிய. நான் தொடக்கக் கோட்டுக்குக் கிட்ட வரக் கூடாது.

"ஏன் ரீச்சர்? நான் இல்லை எண்டு தெரிஞ்சிட்டுதே."

"ஒரு பாதுகாப்புக்கு." இன்னும் ஒன்று சொன்னா: "மற்ற ஆறு பிள்ளைகளிட்டையும் நீயே போய்ச் சொல்லு, இந்த முறை உந்த டிக் வராது, வெடியை மட்டும் கேளுங்கோ எண்டு. உன்ரை வாயாலை ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்."

சி.சே. டிக்கைப் பற்றியும் அன்றைய பொய்யைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரின்னை மூடினார். போனார்.


பெப்ரவரி 12, வியாழன்

ஐந்தரைக்கு அக்கா என் போர்வையை இழுத்துவிட்டாள். டிக் இல்லாமல் கிளம்பிப் பழக வேண்டுமாம். பனிக்குள் மைதானம். நான் பின்னால் நின்று கை தட்ட வேண்டும், எப்போது என்று தெரியாமல்.

முதல் தட்டு. அக்கா அசையவே இல்லை. திரும்பிப் பார்த்து, "தட்டினனியோ?"

"தட்டி முடிஞ்சு கையும் குளிர்ந்துபோச்சு."

இரண்டாவதும் பிந்தினாள். ஐந்தாவதும். பத்தாவதுக்குப் பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள். "டேய், உண்மையைக் கண்டுபிடிக்கிறன் எண்டு என்ரை ஓட்டத்தையெல்லோ கெடுத்துப் போட்டாய்." அழவில்லை. அழுகிற குரல். நான் வாயை மூடிக்கொண்டு தட்டினேன். முப்பது, நாற்பது. என் உள்ளங்கை சி.சே. விரல் மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பத்தில் ஏழு சரி.

பள்ளிக்கூடத்தில் ஆறு பேரிடமும் தனித்தனியே போனேன். அதிபர் சொன்னதை அப்படியே சொன்னேன். 'இந்த முறை டிக் வராது, வெடியை மட்டும் கேளுங்கோ.'

முதலாவது: "போடா."
இரண்டாவது: "அதிபர் உன்னிட்டையோ சொல்லி அனுப்பினவ? ஏன், பியோன் செத்துப் போனானோ?"
மூன்றாவது சிரித்தாள். நான்காவது கேட்கவே இல்லை. ஐந்தாவது: "ஓம் ஓம், பேந்து வெடியும் வராது எண்டுவாய்."
தர்சிகா: "உன்ரை அக்கா முந்தி ஓடினதுக்கு இப்ப எங்களைப் பிந்த வைக்கப் பாக்கிறியோ? மயூரன், உன்ரை பகிடியெல்லாம் பழசு."

நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவா? செய்தால் அதற்கும் சிரிப்பார்கள்.


பெப்ரவரி 13, வெள்ளி

காலை வெயில் மெதுவாக. மைதானத்தைச் சுற்றி முழுப் பள்ளிக்கூடமும். என்னை முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், தொடக்கக் கோட்டிலிருந்து சரியாக நூறு மீற்றர் பாதுகாப்பான தூரத்தில். பக்கத்தில் அதிபர், கமலினி ரீச்சர்.

அங்கே சின்னதாக சி.சே. கையைத் தூக்கினார். முழங்கை இறங்கவில்லை. உதடு இந்தத் தூரத்தில் தெரியாது. கக்கத்துக்குள் சிவப்புக் கொடி.

புகை. முதலில் புகைதான் தெரிந்தது. அதோடு அக்கா எழும்பினாள். பிறகுதான் சத்தம் எங்களிடம் வந்தது. மற்ற ஆறு பேரும் இடுப்பைத் தூக்கியபடி இன்னும் நிலத்தில், டிக்குக்குக் காத்துக்கொண்டு.

அப்படியே போன வெள்ளிக்கிழமைப் படம். அக்கா தனியே முன்னால், மற்றவர்கள் பின்னால்.

"முந்தீட்டாள், முந்தீட்டாள்" என்று நீல இல்லத்துப் பக்கமிருந்து. கமலினி ரீச்சர் கண்ணை மூடிவிட்டா. நான் "புகைக்குப் பிறகு, ரீச்சர், புகைக்குப் பிறகு" என்கிறேன். என் சொல்லை யார் எடுப்பார்கள்? சி.சே.யைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏற்கனவே ஒரு தரம் பொய் சொன்ன சி.சே.யை.

கொடி கக்கத்திலேயே இருந்தது. ஆறு பேரும் விழித்து ஓடத் தொடங்கினார்கள். அக்கா முதலாவது, தர்சிகா பின்னால். அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது கண் தொடக்கக் கோட்டையே பார்த்தது, கொடி எழும்புமா என்று.

சி.சே. நூறு மீற்றரும் நடந்து வந்தார். நடந்துதான். 

"முந்தினவளோ சேர்?" அதிபர் கேட்டா.

"இல்லை ரீச்சர். வெடிச்ச பிறகுதான் எழும்பினவள். மற்ற ஆறு பேரும் பிந்தினவை." துவக்கை அதிபரின் கையில் கொடுத்தார். பிறகு கொஞ்சம் சத்தமாக, கணக்கு சேருக்கும் கேட்கிற மாதிரி: "அண்டைக்கு டிக் எண்டதும் என்ரை கையிலைதான். எனக்கு விரல் ஏலாமல் போச்சு. உவன் இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கு சேர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  போகிற வழியில் சி.சே. என் தலையில் அந்தப் புண் விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் ஒரு தட்டு. இது மன்னிப்பாம். எழுதித் தந்திருக்கலாம், கனம் மயூரன் அவர்கட்கு என்று.

பிறகு தர்சிகா. மூச்சு வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்.

"நீ நம்பாத மாதிரிச் சொன்னனி."

"நான் உண்மையைத்தானே சொன்னனான்?"

"ஓம். சிரிச்சுக்கொண்டு சொன்னனி."

"என்ரை முகமே அப்பிடித்தான்."

அக்கா இடையில் வந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "தர்சி, சரியில்லை எண்டு நினைச்சாச் சொல்லு. இன்னொருக்கா ஓடுவம். ரெண்டு பேரும்."

 விசரி, பைத்தியக்காரி. பேர் மத்தியானம் போகிறது.

தர்சிகா தொடக்கக் கோட்டைப் பார்த்தாள், முடிவுக் கோட்டைப் பார்த்தாள். "பிந்தினது ஒரு அடி. நீ வெண்டது நாலு அடி. வேண்டாம்." அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என்னைப் பார்த்து, "உன்னை மட்டும் நான் விடமாட்டன்."

பெயர் போய்விட்டது. வலயத்துக்கு அக்கா, அதாவது அபிராமி, நூறு மீற்றர். அக்கா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சொன்னாள், பிறகு நாளைக்கும் ஐந்தரைக்கு எழும்ப வேண்டும் என்றாள். கை தட்டுவதற்கு.

ஆகக் கணக்கு இது: பொய் என்று நினைத்த உண்மைக்கு ஒரு கிழமை ஏச்சு. உண்மையாகச் சொன்ன உண்மைக்கு இன்னொரு ஏச்சு. மன்னிப்புக்குத் தலையில் தட்டு. பரிசுக்கு ஐந்தரை.

கடைசிப் பாடம் விஞ்ஞானம். அதற்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஆய்வுகூடத்து விற்றராசைப் புதன்கிழமையிலிருந்து காணவில்லையாம். "ஆர் எடுத்தது?" என்று ரீச்சர் கேட்கிறா. வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

இந்த முறை நான்தான்.